பென்டிரைவ் லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ணது எங்கங்க போகுது?

சேலத்துல வீட்டுலயே ஆரி ஒர்க் பண்ணி பிளவுஸ் டிசைன் செஞ்சு குடுக்கற ஒரு அக்கா எழுதிருக்காங்க. லெட்டர் பெருசு, விஷயத்த மட்டும் அவங்க வார்த்தையிலயே சுருக்கி போட்டுக்கறேன்:

"பழைய லேப்டாப், ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. அக்கா பையன் 32 ஜிபி பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் 21.3 எக்ஸ்எஃப்சிஇ போட்டு குடுத்தான், அதுலதான் ஓட்டறேன். ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது. டிசைன் வரைய இன்க்ஸ்கேப் போட்டேன், நல்லா ஓடுச்சு, ரெண்டு பார்டர் வரைஞ்சு டெஸ்க்டாப்லயே சேவ் பண்ணேன், மறுநாள் பாத்தா இன்க்ஸ்கேப்பும் இல்ல டிசைனும் இல்ல. ரெண்டாவது தடவ புது வெர்ஷன் ஒண்ணு காமிச்சுது, அத செலக்ட் பண்ணேன், பாதியில நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்னு நின்னுடுச்சு. இடம் பத்தலையோனு லிப்ரே ஆபீஸ தூக்கிட்டு போட்டேன், அப்பவும் அதே. இப்ப என்னடான்னா ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்னு வருது. தமிழ் டைப்பிங்கும் தினமும் புதுசா செட் பண்றேன். பென்டிரைவ் மாத்தணுமா, வேற லினக்ஸ் போடணுமா? சர்வீஸ்ல கேட்டா லேப்டாப்பையே தூக்கி போட சொல்றாங்க அண்ணா."

அக்கா, லேப்டாப்ப தூக்கி போடாதீங்க. வேற லினக்ஸும் வேணாம், மின்ட் மேல தப்பே இல்ல. உங்களுக்கு வந்தது ஒரு பிரச்சனை இல்ல, நாலு. ஆனா அதுல மூணு ஒரே எடத்துல இருந்து வருது, அத புரிஞ்சிகிட்டா மத்தது தானா விளங்கிடும்.

மொதல்ல கெட்ட செய்திய சொல்லிடறேன். அந்த ரெண்டு பார்டர் டிசைனும் திரும்ப வராது. ரெக்கவரி சாஃப்ட்வேர் அது இதுனு யாராச்சும் காசு கேட்டா குடுத்துடாதீங்க, ஏன்னா அந்த ஃபைல் பென்டிரைவ்ல எழுதப்படவே இல்ல, ரேம்ல இருந்துச்சு, ஷட்டவுன் பண்ண உடனே போயிடுச்சு. இன்னைலேர்ந்து வரையற எல்லாத்தையும் இன்னொரு பென்டிரைவ் சொருகி அதுல சேவ் பண்ணுங்க, இல்லன்னா உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கோங்க. மீதிய அப்புறம் படிங்க, இத மட்டும் உடனே செய்யுங்க.

பென்டிரைவ்ல இருந்து ஓடுதே, அப்ப சேவ் பண்றதும் பென்டிரைவ்லதான போவும்னு யாருக்கும் தோணும். என்கிட்ட இந்த கேள்வியோட வர்றவங்கள்ல படிச்ச பசங்களும் இருக்காங்க. விஷயம் என்னன்னா, உங்க அக்கா பையன் போட்டது லினக்ஸ இன்ஸ்டால் பண்றதுக்கு குடுக்கற லைவ் காப்பி. அந்த கிட்டத்தட்ட 3 ஜிபி ஃபைலுக்குள்ள முழு சிஸ்டமும் ஸ்க்வாஷ்எஃப்எஸ்னு ஒரு அமுக்குன பொட்டலமா இருக்கு, அத படிக்கத்தான் முடியும், உள்ள ஒரு எழுத்து கூட எழுத முடியாது, டிசைனே அப்படித்தான். சிடி காலத்துல வந்த பழக்கம் இது. ஷிப்இட்னு ஒரு திட்டம் இருந்துச்சு, 2011 வரைக்கும் உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸோட சிடிய காசே வாங்காம தபால்ல அனுப்பி வச்சாங்க, எனக்கும் வந்துச்சு, அந்த கவர பிரிக்காம ரெண்டு நாள் அழகு பாத்துட்டு இருந்தேன். சிடியில எழுத முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால அப்ப யாரும் இந்த கேள்வி கேக்கல. பென்டிரைவ் வந்ததும் குழப்பம் ஆரம்பிச்சுது, எழுதக்கூடிய பொருள்ல எழுத முடியாத சிஸ்டம்.

அப்ப இன்க்ஸ்கேப் மொத நாள் எப்படி இன்ஸ்டால் ஆச்சு? ஸ்கூல்ல ஜியாகரஃபி மேப் மேல பட்டர் பேப்பர் வச்சு வரைவோம்ல, அதேதான். கீழ இருக்கற மேப் அந்த பொட்டலம், அத தொட முடியாது. மேல ஒரு பட்டர் பேப்பர விரிச்சு நீங்க போடறது, அழிக்கறது, மாத்தறது எல்லாத்தையும் அந்த பேப்பர்ல எழுதிக்கும், உங்க கண்ணுக்கு ரெண்டும் சேந்து ஒரே படமா தெரியும். இதுக்கு ஓவர்லேனு பேரு, லினக்ஸோட மையமான கெர்னல்லயே 2014 கடைசியில இருந்து இருக்கு. கேள்வி இவ்வளவுதான், அந்த பட்டர் பேப்பர் எங்க இருக்கு? ஒண்ணும் சொல்லாம பூட் பண்ணா அது ரேம்ல இருக்கும். ஆஃப் பண்ணா கிழிச்சு குப்பையில. இன்க்ஸ்கேப், டிசைன், தமிழ் டைப்பிங் செட்டிங், வைஃபை பாஸ்வேர்ட் எல்லாம் அதோட போச்சு. லாட்ஜ் ரூம்ல ஆணி அடிச்சு காலண்டர் மாட்டற கதைதான்.

நான் சொல்றத நம்ப வேணாம், நீங்களே பாருங்க. டெர்மினல, அதாவது கமாண்ட் அடிக்கற ஜன்னல தொறந்து டிஎஃப், ஒரு ஸ்பேஸ், மைனஸ், ஹெச்னு அடிங்க, எல்லாம் சின்ன எழுத்து. ஒரு பட்டியல் வரும், அதுல கடைசி காலம்ல வெறும் ஸ்லாஷ் மட்டும் இருக்கற வரிய தேடுங்க. அந்த வரியோட ஆரம்பத்துல ஸ்லாஷ் கௌனு இருக்கும். பசு மாடு இல்ல, காப்பி ஆன் ரைட்டுங்கறதோட சுருக்கம், பட்டர் பேப்பரோட பேருதான் அது. பக்கத்துல சைஸ் பாருங்க, உங்க மெஷின்ல 1.8 இல்ல 1.9 ஜிபின்னு இருக்கணும். ரேம்ல சரிபாதி. 32 ஜிபி பென்டிரைவ் சொருகிருந்தாலும் உங்களுக்கு குடுத்துருக்கற எடம் அந்த ரெண்டு ஜிபி கூட இல்லாத துண்டுதான், மீதி 28 ஜிபி சொச்சம் யாரும் தொடாம சும்மா கெடக்கு.

நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஏன் வந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். ஆனா மொத தடவ வராம ரெண்டாவது தடவ ஏன் வந்துச்சு? உங்க லெட்டர்லயே க்ளூ இருக்கு, "புது வெர்ஷன் ஒண்ணு காமிச்சுது". மின்ட்டோட சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஒரே சாஃப்ட்வேர் ரெண்டு விதமா கெடைக்கும், இன்ஸ்டால் பட்டன் பக்கத்துல ஒரு சின்ன டிராப்டவுன் இருக்கும் பாருங்க, அதுல ஒண்ணு சிஸ்டம் பேக்கேஜ், இன்னொண்ணு ஃபிளாட்பேக். ஃபிளாட்பேக் புது வெர்ஷனா இருக்கும், பாக்க கவர்ச்சியா இருக்கும், ஆனா அது தனியா வராது, தனக்கு வேண்டிய லைப்ரரி எல்லாத்தையும் ரன்டைம்னு ஒரு மூட்டையா கட்டி கூடவே கூட்டிட்டு வரும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேன்ல வர்ற மாதிரி. கேட்டது ஒரு இன்க்ஸ்கேப், வந்து எறங்கறது ஜிபி கணக்குல. நல்ல ஹார்ட் டிஸ்க்கு இருந்தா கவலையே பட வேணாம், ரெண்டு ஜிபி கூட இல்லாத பட்டர் பேப்பர்ல அது எறங்கவே எறங்காது. சிஸ்டம் பேக்கேஜ் கொஞ்சம் பழசு, 1.1 வரிசை, பார்டர் வரையறதுக்கு அது தாராளமா போதும், சிஸ்டத்துல ஏற்கனவே இருக்கற லைப்ரரிய பங்கு போட்டுக்கறதால சைஸும் கம்மி.

இன்னொரு விஷயமும் கவனிச்சீங்களா தெரியல, இன்ஸ்டால் பண்ண பண்ண மெஷின் திணறும். பட்டர் பேப்பர் ரேம்ல இருக்கறதால நீங்க எறக்கற ஒவ்வொரு ஃபைலும் ரேம தின்னுது, பிரவுசருக்கும் இன்க்ஸ்கேப்புக்கும் மீதி இருக்கறதுதான், ரேம் நெறஞ்சா மீதிய எறக்கி வைக்கற எடமான ஸ்வாப் வச்சுக்க ஹார்ட் டிஸ்க்கும் இல்ல. மவுஸ் நகராம நின்னா அது ஹேங் இல்ல, மூச்சு முட்டுது.

லிப்ரே ஆபீஸ் மேட்டருக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் இது. நீங்க பண்ணது சாதாரணமா ரொம்ப சரியான யோசனை, எடம் பத்தலையா பெருச தூக்கு. ஆனா இங்க லிப்ரே ஆபீஸ் இருக்கறது கீழ மேப்ல, அத அழிக்க வழியே இல்ல. அதனால சிஸ்டம் என்ன பண்ணும்னா பட்டர் பேப்பர்ல அந்த எடத்துக்கு மேல வெள்ளையா ஒரு துண்டு ஒட்டி விட்டுடும், வைட்அவுட்னே அதுக்கு பேரு. உங்க கண்ணுக்கு லிப்ரே ஆபீஸ் காணாம போயிடும், ஆனா கீழ அது ஒரு எம்பி குறையாம அப்படியே உக்காந்துருக்கும். ஒட்டுன துண்டுக்கும் நீக்குன கணக்க எழுதி வைக்கறதுக்கும் மேல கொஞ்சம் எடம் வேற போகும். ஆக, லைவ் பென்டிரைவ்ல எத தூக்குனாலும் எடம் கூடாது, சொல்லப்போனா குறையும். அப்டேட்டும் இதே கதைதான், கீழ இருக்கற பழைய ஃபைல் போகாது, மேல புதுசு ஒண்ணு சேரும், ஒரே ஃபைலுக்கு ரெண்டு எடத்துல வாடகை. அதனால லைவ்ல இருந்துகிட்டு மொத்த அப்டேட்டையும் போடற வேலை மட்டும் வேணவே வேணாம்.

பாதியில நின்ன இன்ஸ்டாலேஷன் பத்தி பயப்படாதீங்க. சாதா கம்ப்யூட்டர்ல அப்படி நின்னா டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்னு ஒரு எரர் வந்து உயிர வாங்கும், கமாண்ட் போட்டு சரி பண்ணணும். உங்களுக்கு ரீஸ்டார்ட் போதும், எல்லாம் பளிச்சுனு மொத நாள் மாதிரி ஆகிடும். இந்த ஏற்பாட்டுல இருக்கற ஒரே நல்லது அதான்.

நாலாவது பிரச்சனை, ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட். இதுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்ல. அந்த வரிய முழுசா படிச்சா அடைப்புக்குள்ள இன்வேலிட் ஃபார் அனதர்னு போட்டு இத்தன நாள், இத்தன மணி நேரம், இத்தன நிமிஷம்னு ஒரு கணக்கு இருக்கும். அதாவது உங்க லேப்டாப் கடிகாரம் பின்னாடி ஓடிட்டு இருக்கு, சர்வர்ல இருக்கற ஃபைல்ல போட்ட தேதி அதுக்கு எதிர்காலமா தெரியுது, நாளைக்கு தேதி போட்ட செக்க பேங்க்ல குடுத்தா வாங்க மாட்டாங்கல்ல, அதே மாதிரி இதையும் வாங்க மாட்டேங்குது. டெர்மினல்ல டேட்னு அடிச்சு பாருங்க, வருஷம் பல வருஷம் பின்னாடி நின்னா அதான் காரணம். பிரவுசர்லயும் கனெக்ஷன் பாதுகாப்பா இல்லனு எல்லா சைட்டுக்கும் எச்சரிக்கை வந்துருக்கணுமே, வந்துச்சா? அதுக்கும் காரணம் இதேதான்.

பழைய லேப்டாப்ல இது ஏன் வருதுன்னா போர்டுல ஒரு காசு சைஸ் பேட்டரி இருக்கும், சார்ஜர் இல்லாதப்பவும் கடிகாரத்த ஓட்டறது அதோட வேலை, அது செத்துப்போச்சு. பெரும்பாலும் சிஆர் 2032தான், வாட்ச் கடையில கெடைக்கும், 100 ரூபா கூட ஆகாது, ஆனா சில மாடல்ல அதுக்கு ஒயர் வச்சு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பாங்க, அதனால கழட்டி கையோட எடுத்துட்டு போங்க. பென்டிரைவ்ல பூட் ஆகற வரிசையும் அடிக்கடி மறந்துட்டு நீங்க ஒவ்வொரு தடவயும் பூட் மெனு கீய அமுக்க வேண்டியிருந்தா இந்த பேட்டரிதான்னு நூத்துக்கு தொண்ணூறு முடிவே பண்ணிடலாம். பேட்டரி வர்ற வரைக்கும், நெட் கனெக்ட் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க, நேரம் தானா வந்து உக்காரும், அப்புறம் இன்ஸ்டால் பண்ணுங்க. சில நெட்வொர்க்ல தானா வராது, அப்ப டைம் அண்ட் டேட் செட்டிங்ஸ்ல கையால மாத்திக்கோங்க.

இதுல ஒரு சின்ன குறும்பு இருக்கு, சொல்லாம போக மனசு வரல. லைவ் மின்ட் லேப்டாப் கடிகாரத்த லண்டன் பக்கத்து யுடிசி நேரம்னு எடுத்துக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். நமக்கு வித்தியாசம் சரியா அஞ்சரை மணி நேரம். விண்டோஸ் இருக்கற லேப்டாப்ல லைவ் பென்டிரைவ் போட்டு நெட்டோட ஓட்டிட்டு திரும்ப விண்டோஸ் போனா டைம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி போயிருக்கும், வைரஸ் வந்துடுச்சுனு என்கிட்ட தூக்கிட்டு வந்தவங்க உண்டு. உங்ககிட்ட விண்டோஸே இல்ல, நீங்க தப்பிச்சீங்க.

சரி, இப்ப என்ன பண்றது. மூணு வழி இருக்கு, மூணும் ஒரே தரம் இல்ல, என் ஓட்டு எதுக்குன்னு கடைசியில சொல்றேன்.

நாளைக்கே ஆர்டர் குடுக்கணும், டிசைன் வரையணும்னா, இன்ஸ்டாலே பண்ணாம ஓட்டலாம். இன்க்ஸ்கேப் சைட்லயே ஆப்இமேஜ்னு ஒரு வடிவம் குடுக்கறாங்க, எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கும். அத எறக்கி ரெண்டாவது பென்டிரைவ்ல வச்சுக்கோங்க. தினமும் பூட் ஆனதும் அத ஹோம் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், பர்மிஷன்ஸ் போய் ப்ரோக்ராமா ஓட விடுங்கற டிக்க போட்டுட்டு டபுள் கிளிக் பண்ணா ஓடும். பென்டிரைவ்ல இருந்தே ஏன் நேரா ஓட்டக்கூடாதுன்னா, ஃபேட் 32ங்கற ஃபார்மட்ல இருக்கற பென்டிரைவ மின்ட் சொருகும்போது எக்ஸி மாதிரி பேர் இருக்கற ஃபைலுக்கு மட்டும்தான் ஓடற உரிமை குடுக்கும், ஆப்இமேஜுக்கு எத்தன தடவ டிக் போட்டாலும் நிக்காது, டிக் போட்டு போட்டு நானே ஒரு சாயந்தரம் வீணாக்கிருக்கேன்.

அடுத்தது பர்சிஸ்டன்ஸ், அதாவது பட்டர் பேப்பர ரேம்ல இருந்து எடுத்து பென்டிரைவ்லயே ஒரு மூலையில வைக்கறது. இதுக்கு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் வேணும். ரூஃபஸ்னு ஒரு சின்ன ப்ரோக்ராம், அதுல மின்ட் ஐஎஸ்ஓவ, அதாவது மின்ட் சைட்ல இருந்து எறக்கற அந்த ஒரே பெரிய ஃபைல செலக்ட் பண்ணதும் பர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன் சைஸ்னு ஒரு ஸ்லைடர் வரும், நெறய பேரு அத ஜீரோவுலயே விட்டுட்டு ஸ்டார்ட் அமுக்கிடுவாங்க, உங்க அக்கா பையனும் ஒண்ணு அப்படி பண்ணிருப்பான், இல்ல அந்த ஸ்லைடரே இல்லாத வேற ப்ரோக்ராம்ல போட்டிருப்பான். 20 ஜிபிக்கு தள்ளுங்க. நடுவுல ஐஎஸ்ஓ மோடா டிடி மோடானு கேட்டா ஐஎஸ்ஓ மோட்தான், டிடி குடுத்தா பர்சிஸ்டன்ஸ் போச்சு. பென்டிரைவ்ல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும், அதயும் ஞாபகம் வச்சுக்கோங்க.

முடிஞ்சதும் பூட் பண்ணி மறுபடி அந்த டிஎஃப் கமாண்ட போடுங்க. ஸ்லாஷ் கௌங்கற பேரு அப்படியேதான் இருக்கும், பேர பாத்து ஏமாறாதீங்க, சைஸ பாருங்க, 1.9க்கு பதிலா 20க்கு பக்கத்துல எதாச்சும் வரணும். வரலன்னா கேட், ஸ்பேஸ், ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் சிஎம்டிலைன்னு அடிச்சா பூட் ஆனப்ப குடுத்த வரி வரும், அதுல பர்சிஸ்டன்ட்ங்கற வார்த்தை இருக்கணும். இல்லன்னா பூட் மெனு வரும்போது ஈ எழுத்த அமுக்கி, லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரியில பூட் ஈக்வல் காஸ்பர்னு இருக்கும், அதுக்கு பக்கத்துல ஒரு ஸ்பேஸ் விட்டு பர்சிஸ்டன்ட்னு சேத்து எஃப்10 அமுக்குங்க. எல்லாம் சரியானா டெஸ்க்டாப்ல ஒரு காலி ஃபைல் வச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணி அது இருக்கானு பாத்துட்டு அப்புறம் இன்க்ஸ்கேப்ப போடுங்க. அவசரப்பட்டு டிசைன் வரைய உக்காராதீங்க.

ஆனா பர்சிஸ்டன்ஸ் வந்தாலும் கீழ இருக்கற மேப் மாறாதுங்கறத மறக்காதீங்க. கெர்னல் அந்த மேப் பக்கத்துல தனியா இருக்கு, அப்டேட்ல புது கெர்னல் எறங்குனா எடத்த தின்னுட்டு உக்காந்துருக்குமே தவிர பூட் ஆகறது பழசுதான், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் டிசேபிள்ட்னு ஒரு வரி ஓடும், அது எரர் இல்ல, உண்மைய சொல்லுது. அப்புறம் ஸ்பீடு. பென்டிரைவ்னு ஒண்ணு சினிமா ஃபைல் மாதிரி பெருச ஒரே மூச்சுல எழுத நல்லாருக்கும், இன்ஸ்டாலேஷன்ங்கறது ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைல், ஒவ்வொண்ணும் எழுதியாச்சானு நின்னு நின்னு செக் பண்ணும், மலிவு பென்டிரைவ்ல டீ போட்டு குடிச்சுட்டு சமையலும் முடிச்சுட்டு வந்தாலும் ப்ராக்ரஸ் பார் 40லயே நிக்கும். ஹேங் ஆயிடுச்சுனு புடுங்கிடாதீங்க, பட்டர் பேப்பர் இப்ப பென்டிரைவ்ல இருக்கு, புடுங்குனா கிழியும், இந்த தடவ ரீஸ்டார்ட் பண்ணா பளிச்சுனு ஆகாது.

பென்டிரைவ் மாத்தணுமானு கேட்டிங்க. கெர்னல் எழுதி வைக்கற குறிப்ப காட்ட டிமெஸ்ஜினு ஒரு கமாண்ட் இருக்கு, முன்னாடி அட்மின் உரிமை குடுக்கற சூடோவ சேத்து போட்டு பாருங்க, ஐஓ எரர்னோ ஸ்க்வாஷ்எஃப்எஸ் எரர்னோ சிவப்புல வந்தா ஒண்ணு பென்டிரைவ் போயிட்டிருக்கு, இல்ல ஐஎஸ்ஓ எறக்கும்போதே கெட்டுருக்கு, மறுபடி எறக்கி ஷா256ங்கற சரிபார்ப்பு எண்ண மின்ட் சைட்ல இருக்கறதோட ஒப்பிட்டு பாத்துட்டு எழுதணும். ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்னு வந்தாலும் சந்தேகப்படுங்க. அதுல ஒண்ணும் இல்லன்னா பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கு. ஃபுட்பாத்ல 1 டிபி 400 ரூபானு விக்கறது மட்டும் வேணாம், உள்ள 16 ஜிபி கூட இருக்காது, கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்ல சொல்லி குடுத்துருப்பாங்க, எழுதிகிட்டே இருக்கும், திரும்ப படிக்கும்போதுதான் ஒண்ணும் இல்லனு தெரியும். எஃப்3னு ஒரு இலவச டூல் இருக்கு, வாங்குன உடனே அதுல ஓட்டி பாத்துக்கலாம்.

மூணாவது வழி, என் ஓட்டு இதுக்குத்தான். 120 இல்ல 128 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது உள்ள சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க், ஒண்ணு வாங்கி, செத்துப்போன ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு அதே எடத்துல மாட்டிடுங்க. இரண்டரை இன்ச் சாட்டானு கேளுங்க, நீள குச்சி மாதிரி இருக்கற எம்.2 உங்க லேப்டாப்புக்கு ஆகாது. பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் கனம் இருக்கும், எஸ்எஸ்டி 7தான், லொடலொடன்னு ஆடுனா கூட வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேம ஒட்டிக்கலாம், அது இல்லன்னா ஒரு அட்டைத்துண்டு. மின்ட் கேக்கறதே குறைஞ்சது 20 ஜிபி, வசதியா இருக்க 100 ஜிபி, அதனால 128 உங்களுக்கு போதும்.

செத்த டிஸ்க்க வெளிய எடுக்கறதுல இன்னொரு லாபம் இருக்கு. ஆன் ஆக அஞ்சு நிமிஷம் ஆகுதுன்னீங்களே, அதுல பென்டிரைவ் பங்கு கொஞ்சந்தான். பூட் ஆகும்போது லினக்ஸ் அந்த செத்த டிஸ்க்க எழுப்பி பாக்குது, பதில் வராம 30 செகண்டு காத்துருக்கு, மறுபடி தட்டுது, மறுபடி 30 செகண்டு. செத்தவன் வீட்டு கதவ தட்டிகிட்டே நிக்குது. எஸ்எஸ்டி வாங்க லேட்டானாலும் பரவால்ல, டிஸ்க்க மட்டும் இன்னைக்கே கழட்டிடுங்க, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துட்டு அடிப்பக்கத்து மூடியில ரெண்டு மூணு ஸ்க்ரூதான், பூட் டைம்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எஸ்எஸ்டி மாட்டிட்டு இப்ப இருக்கற அதே பென்டிரைவ்ல பூட் பண்ணி டெஸ்க்டாப்ல இருக்கற இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட் ஐகான டபுள் கிளிக் பண்ணுங்க. எந்த டிஸ்க்னு கேக்கற எடத்துல மட்டும் சைஸ பாத்து 120 சொச்சம் இருக்கறத தேர்ந்தெடுங்க. பூட்லோடர், அதாவது ஆன் பண்ணதும் லினக்ஸ எழுப்பி விடற சின்ன ப்ரோக்ராம், எங்க போகுதுங்கறதையும் கவனிங்க. இதுல நான் பட்ட அவமானம் ஒண்ணு இருக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு கஸ்டமர் லேப்டாப்ல உக்காந்து என்னோட எக்ஸ்டர்னல் டிரைவ்ல லினக்ஸ் போட்டேன், பூட்லோடர் எஸ்டிஏனு தானா செலக்ட் ஆகிருந்தத கவனிக்கல, எஸ்டிஏங்கறது அவரோட சொந்த ஹார்ட் டிஸ்க். டிரைவ கழட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன், மறுநாள் காலைல அவர் ஆன் பண்ணா கறுப்பு ஸ்க்ரீன்ல க்ரப் ரெஸ்க்யூ, அதாவது பூட்லோடர் தன் மீதி பாகத்த காணோம்னு நிக்குது. அன்னைக்கு அவர் அலுவலகத்துல எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கூட யாரும் குடுக்கல. உங்க மெஷின்ல டிஸ்க் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கப்போகுது, அதனால அந்த ஆபத்து ரொம்ப கம்மி, இருந்தாலும் பென்டிரைவ் பேரு அங்க இருக்கக்கூடாது, எஸ்எஸ்டி பேருதான் இருக்கணும்.

எஸ்எஸ்டிக்கு போனப்புறம் அப்டேட் தாராளமா போடுங்க, அங்க பட்டர் பேப்பர் எதுவும் இல்ல, தூக்குனா எடம் கூடும், போட்டா நிக்கும். மின்ட் 21.3க்கு 2027 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வரும். தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ், ஐபஸ்-எம்17என்னு ரெண்டு டைப்பிங் சாஃப்ட்வேரும் போட்டு தமிழ்99 கீபோர்டு முறைய செலக்ட் பண்ணுங்க, ஒரு தடவ லாகவுட் பண்ணிட்டு வாங்க, அதுக்கப்புறம் தினமும் அந்த வேலை இல்ல. இன்க்ஸ்கேப்ல புது வெர்ஷன் வேணும்னா அப்ப ஃபிளாட்பேக்க போட்டுக்கோங்க, வேன் நிறுத்த எடம் இருக்கு. கையால பண்ற ஆரிக்கு இன்க்ஸ்கேப் மட்டும் போதும், பிற்பாடு எம்ப்ராய்டரி மெஷின் வாங்குனா இன்க் ஸ்டிட்ச்னு இலவசமா ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, நீங்க வரையற கோட்ட தையலா மாத்தி மெஷின் படிக்கற ஃபைலா குடுக்கும், அப்ப எழுதுங்க சொல்றேன்.

பென்டிரைவ அழிச்சுடாதீங்க, அப்படியே டிராயர்ல வைங்க, நாளைக்கு எஸ்எஸ்டியில எதாச்சும் கோளாறுன்னா பூட் பண்ணி ஃபைல வெளிய எடுக்க அதான் உதவும். அக்கா பையனையும் திட்டாதீங்க, அவன் போட்டு குடுத்தது இன்ஸ்டால் பண்றதுக்குனே வந்த சாமான், நீங்க அதுல குடித்தனம் பண்ணிட்டீங்க, அவ்வளவுதான். அவன்கிட்ட சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருக்கானு மட்டும் கேட்டு வைங்க.